கரைந்த கட்டி ஏன் திரும்பி வருகிறது?

2011-ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளியான மூன்று புகைப்படங்களைப் புற்றுநோய்த் துறையில் இருக்கும் பலரும் பார்த்திருப்பார்கள். மூன்றிலும் ஒரே ஆள், வயது 38. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உடம்பெங்கும் பரவி, தோலுக்கடியில் முடிச்சு முடிச்சாகக் கட்டிகள் புடைத்து நிற்பது முதல் படம். வெமுராஃபெனிப் என்ற மாத்திரையை 15 வாரம் சாப்பிட்ட பிறகு எடுத்தது இரண்டாவது படம். அதில் கட்டிகள் இருந்த சுவடே ஏறக்குறைய இல்லை. மூன்றாவது, 23-ம் வாரம் எடுத்தது. பெரும்பாலும் பழைய இடங்களிலேயே கட்டிகள் திரும்பி வந்திருந்தன. இத்தனைக்கும் அவர் மருந்தை நிறுத்தவில்லை.

இப்படி நடக்கும்போது, 'மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு' என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வார்கள். தூக்க மாத்திரைக்கு அந்தப் பேச்சு பொருந்தும். இங்கே உடம்பு எதற்கும் பழகவில்லை, மாத்திரையின் வீரியமும் குறையவில்லை. ஒரு கட்டிக்குள் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன, அவை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மருந்துக்குச் சாகிறவை செத்துப்போகின்றன. சாகாத சில மிஞ்சுகின்றன. காலியான இடத்தில் அவைதான் பெருகுகின்றன. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு ஒரு மனித உடம்புக்குள் சில மாதங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. திரும்பி வரும் கட்டி பெயரளவில்தான் பழைய கட்டி. அதனால் அதைப் புதிதாகப் பரிசோதித்துத்தான் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் அழுத்தமாக நம்புகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கீமோதெரபி வேகமாகப் பிரியும் செல்கள் எல்லாவற்றையும் தாக்கும், அதில் தலைமுடியும் குடலும் சேர்ந்து அடிவாங்கும். இலக்கு மருந்துகள் அப்படி வேலை செய்வதில்லை. புற்றுநோய் செல் எந்தப் புரதத்தை நம்பி வளர்கிறதோ, அந்த ஒரு புரதத்தைக் குறிபார்த்து முடக்குகின்றன. இந்த வழி பலிக்கும் என்று தெளிவாகக் காட்டியது சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். 1960-ல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். 9-வது, 22-வது குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் அது உண்டானது என்று 1973-ல் ஜேனட் ரவுலி காட்டினார். அந்த ஒட்டுவேலையில் பிசிஆர்-ஏபிஎல் என்ற புதுப் புரதம் பிறக்கிறது. அது ஒரு கைனேஸ். அதாவது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மற்றப் புரதங்களில் ஒட்டி, 'வளரு, பிரி' என்று உத்தரவு கொடுக்கிற புரதம். சாதாரண கைனேஸ் தேவைப்படும்போது மட்டும் இயங்கும். இது ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்கும்.

ஏடிபி வந்து உட்கார அந்தப் புரதத்தில் ஒரு குழிவு உண்டு. இமாட்டினிப் என்ற மருந்து அந்தக் குழிவில் போய் உட்கார்ந்து ஏடிபிக்கு இடமில்லாமல் செய்துவிடும். 2001 மே மாதம் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. சிஎம்எல் நோயாளிகளின் தலையெழுத்தையே மாற்றிய மருந்து இது. இமாட்டினிப்பை முதல் மருந்தாகத் தொடங்கியவர்களைப் பத்தாண்டுக்கும் மேல் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில், பத்தாவது ஆண்டில் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் அனுமதி வந்த அதே ஆண்டிலேயே எதிர்ப்பும், அதாவது மருந்துக்கு நோய் அடங்காமல் போவதும், பதிவாகிவிட்டது. நோய் முற்றிய கட்டத்தில் இமாட்டினிப் எடுத்து, முதலில் குணம் கண்டு, பிறகு நோய் திரும்பிய 11 பேரை லாஸ் ஏஞ்சலிஸில் சார்லஸ் சாயர்ஸின் குழு ஆராய்ந்தது. மருந்து உள்ளே இருக்கும்போதே பிசிஆர்-ஏபிஎல் மறுபடி இயங்கத் தொடங்கியிருந்தது. மூன்று பேருக்கு அந்த மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. மரபணு வரிசையைப் படித்துப் பார்த்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கு ஒரே மாற்றம், அதுவும் ஒரே ஓர் எழுத்தில்.

இந்த ஓர் எழுத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஏபிஎல் புரதத்தின் 315-வது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது (அமினோ அமிலங்கள் கோத்துத்தான் புரதம் உருவாகிறது). அது இருப்பது மருந்து உட்காரும் குழிவின் வாசலில். இமாட்டினிப் அதோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டுதான் தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறது. டிஎன்ஏவில் ஒரு சி எழுத்து டி ஆக மாறினால் திரியோனின் இருந்த இடத்தில் ஐசோலூசின் வந்துவிடும். அதில் பிணைப்பு போட ஹைட்ராக்சில் என்ற ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சோடி கிடையாது, ஆளும் கொஞ்சம் பருமன். மருந்து உள்ளே போகமுடியாது. ஏடிபிக்கோ ஒரு தடையும் இல்லை, அது வழக்கம்போல் வந்து போகிறது. டி315ஐ என்று பெயர் பெற்ற இந்த மாற்றம், அடுத்து வந்த டாசாட்டினிப் (2006), நிலோட்டினிப் (2007) இரண்டுக்கும் அசையவில்லை. மற்றப் பல மாற்றங்களை அந்த மருந்துகள் சமாளித்தன, இதை மட்டும் முடியவில்லை. 2012-ல் வந்த போனாட்டினிப்பின் நடுவில் வேதியியலாளர்கள் ஒரு கார்பன் மும்மைப் பிணைப்பை வைத்தார்கள். ஒல்லியாக, நேராக இருக்கும் அந்தப் பகுதி ஐசோலூசினில் இடிக்காமல் நழுவி உள்ளே போகும். ஆனால் ரத்தக்குழாய் அடைப்பு ஆபத்து தெரியவந்ததால் 2013-ல் அமெரிக்காவில் அதன் விற்பனையைச் சில காலம் நிறுத்திவைக்க வேண்டிவந்தது. 2021-ல் அனுமதி பெற்ற அசிமினிப் வேறு வழியில் போனது. ஏடிபி குழிவை விட்டுவிட்டு, அதே புரதத்தில் தள்ளியிருக்கும் இன்னொரு குழிவில் உட்கார்ந்து புரதத்தை அடங்கிய வடிவத்துக்குத் தள்ளுகிறது.

சரி, அந்த மாறிய செல் எங்கிருந்து வந்தது? மருந்து கொடுத்ததால் உண்டானதா, முன்பே இருந்ததா?

ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கலாம். ஒரு செல் இரண்டாகும்போது டிஎன்ஏ நகலெடுப்பில் ஒரு குறிப்பிட்ட எழுத்து தப்பாகிப்போகும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்று என்ற அளவை ஒட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே அந்த ஓர் எழுத்து மாறிய செல் கட்டிக்குள் எங்கோ இருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது. ஸ்கேனுக்கு அது தெரியாது, பயாப்சி ஊசியிலும் அநேகமாக மாட்டாது. பெருங்குடல் புற்றுநோயில் 2012-ல் வந்த ஓர் ஆய்வு இதையே காட்டியது. பனிட்டுமுமாப் என்ற மருந்து எடுத்தவர்களில், தொடக்கத்தில் கேராஸ் மரபணு சரியாக இருந்த 24 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் ஒன்பது பேரின் ரத்தத்தில், பெரும்பாலும் ஐந்தாறு மாதங்களில், அந்த மருந்திலிருந்து தப்ப உதவும் மாறிய கேராஸ் தென்பட்டது. கணித மாதிரியில் பின்னோக்கிக் கணக்குப் போட்டபோது, அந்தச் செல்கள் சிகிச்சைக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்று விடை வந்தது.

அது மட்டும்தான் வழி என்று நினைத்தால் பாதிக் கதையில் நின்றுவிடுவோம். 2010-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நுரையீரல் புற்றுநோய் செல்களின் மேல் தேவையைவிடப் பல மடங்கு மருந்தை ஊற்றிப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாம் செத்தன. சுமார் 0.3 சதவீதம் தப்பின. தப்பியவற்றில் எதிர்ப்பைத் தரும் மரபணு மாற்றம் எதுவும் தென்படவில்லை. மருந்தை எடுத்துவிட்டால் சில தலைமுறைகளில் அவற்றின் வாரிசுகள் மறுபடி மருந்துக்குச் சாகிற செல்களாகவே ஆகிவிட்டன. அதாவது, அவை பிரிவதை ஏறக்குறைய நிறுத்தி, அடங்கிக் கிடந்து உயிர் பிழைத்தவை. அப்படிக் கிடக்கும் காலத்தில் ஏதாவது ஒன்றுக்கு உண்மையான மரபணு மாற்றம் வாய்த்துவிட்டால், அது நிரந்தர எதிர்ப்பாகிவிடும். முன்பே இருந்த செல் பெருகுவது, அடங்கிக் கிடந்த செல் பின்னால் மாறுவது ஆகிய இரண்டுமே நடக்கின்றன என்று 2016-ல் அதே மருத்துவமனையின் இன்னோர் ஆய்வு காட்டியது. சிலருக்குச் சில மாதங்களிலேயே நோய் திரும்புவதும் சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்குவதும் ஏன் என்பதற்கு இதில் ஓரளவு விளக்கம் இருக்கிறது.

மருந்தும் எதிர்ப்பும் மாறி மாறி நடத்தும் இந்த விரட்டலை மிகத் தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது நுரையீரல் புற்றுநோயில். இஜிஎஃப்ஆர் என்ற புரதம் செல்லின் மேற்பரப்பில் இருந்து வளர்ச்சிச் சமிக்ஞைகளை வாங்கி உள்ளே அனுப்பும். அதன் மரபணு மாறிப்போன நோயாளிகளுக்கே, அந்தப் புரதத்தை முடக்கும் ஜெஃபிட்டினிப் என்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று 2004-ல் அமெரிக்கக் குழுக்கள் கண்டுபிடித்தன. புகை பிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் கிழக்காசிய மக்களிடமும் இந்த மாற்றம் அதிகம். 'சிகரெட்டையே தொட்டதில்லை, எனக்கு எப்படி நுரையீரல் புற்றுநோய்?' என்று இடிந்துபோகிறவர்களில் பலர் இந்த வகை.

அடுத்த ஆண்டே, 2005-ல், எதிர்ப்பின் முதல் விளக்கமும் வந்துவிட்டது. 790-வது இடத்தில் திரியோனின் போய் மெத்தியோனின் வந்திருந்தது. ஏபிஎல்லில் 315-வது இடம் எதுவோ, இஜிஎஃப்ஆரில் 790-வது இடம் அதுதான். அதே வாசல். எனவே இங்கேயும் பருமனான அமினோ அமிலம் மருந்தை மறிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2008-ல் வந்த ஆய்வு, முக்கியமான காரணம் வேறு என்று காட்டியது. மருந்து அப்போதும் நன்றாகவே ஒட்டுகிறது. ஆனால் புரதத்துக்கு ஏடிபி மேல் பிடிப்பு பல மடங்கு கூடிவிட்டது. ஒரே இருக்கைக்கு நடக்கும் போட்டியில் செல்லுக்குள் ஏராளமாக இருக்கும் ஏடிபி ஜெயித்துவிடுகிறது. ஒரே இடம், ஒரே மாதிரி மாற்றம், ஆனால் தப்பிக்கும் வித்தை வேறு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் வியப்பூட்டும் விஷயங்களில் இது ஒன்று. டி790எம் என்ற இந்த மாற்றம், ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் மருந்துகளில் நோய் திரும்பியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் காணப்பட்டது.

போட்டியில் தோற்காமல் இருக்க ஒரே வழி, ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்காத மருந்து. ஓசிமெர்ட்டினிப் அப்படிப்பட்டது. குழிவின் ஓரத்தில், 797-வது இடத்தில் உள்ள சிஸ்டீனோடு நிரந்தரமான பிணைப்பு போட்டுக்கொள்ளும். 2015 நவம்பரில் டி790எம் உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு அதற்கான எதிர்ப்பும் நோயாளிகளிடம் பதிவானது. 797-ல் சிஸ்டீனுக்குப் பதில் செரீன். இந்த இரண்டு அமினோ அமிலங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஓர் அணு. சிஸ்டீனில் சல்ஃபர் இருக்கும் இடத்தில் செரீனில் ஆக்சிஜன். அந்தச் சல்ஃபர் இல்லாவிட்டால் நிரந்தரப் பிணைப்பு கிடையாது.

அதற்காக ஓசிமெர்ட்டினிப் பயனற்றுப்போனது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் மருந்தாகவே இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்த இடைநிலைக் காலம் 18.9 மாதம். பழைய மருந்துகளுக்கு அது 10.2 மாதம். ஒரு குடும்பத்துக்கு அந்த 8.7 மாதம் சின்ன விஷயம் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம், மருந்து குறிவைத்த புரதமே மாறிப்போவது. குறி அப்படியே இருக்க, செல் வேறு பாதை பிடிப்பதும் உண்டு. 2007-ல் ஜெஃபிட்டினிப் எதிர்ப்பில் கண்டது இது: இஜிஎஃப்ஆர் அடைபட்டே கிடக்கிறது, ஆனால் மெட் என்ற இன்னொரு புரதத்தின் மரபணு பல பிரதிகளாகி, அதே வளர்ச்சிச் சமிக்ஞையை வேறு வாசல் வழியாக உள்ளே அனுப்புகிறது. முதலில் சொன்ன மெலனோமா நோயாளியிடமும் வெமுராஃபெனிப் குறிவைத்த பிராஃப் புரதத்துக்கு அடுத்த படியில் இருக்கும் மெக்1 மரபணுவில்தான் புது மாற்றம் இருந்தது. மேல்படியில் போட்ட தடை, கீழ்ப்படி தானாகவே ஓடத் தொடங்கியதும் பயனில்லாமல் போயிற்று.

எதிர்ப்பு என்பது எப்போதும் பின்னால் வருவது என்றும் இல்லை. மெலனோமாவில் கட்டிகளைக் கரைத்த அதே வெமுராஃபெனிப், அதே பிராஃப் மாற்றம் உள்ள பெருங்குடல் புற்றுநோயில் முதல் நாளிலிருந்தே ஏறக்குறைய வேலை செய்யவில்லை. நெதர்லாந்துக் குழு ஒன்று 2012-ல் காரணம் சொன்னது. குடல் செல்களில் பிராஃபை அடைத்தவுடன் இஜிஎஃப்ஆர் பின்னாலிருந்து விழித்துக்கொண்டு சமிக்ஞையைத் தொடர்கிறது. மெலனோமா செல்களில் இஜிஎஃப்ஆர் குறைவு, அதனால் அங்கே அந்தச் சிக்கல் எழவில்லை. இந்தக் கண்டுபிடிப்பு வழியாகத்தான் இரண்டையும் சேர்த்து அடைக்கும் என்கோராஃபெனிப், செட்டுக்சிமாப் கூட்டு மருந்து வந்தது. 2020-ல் அனுமதி கிடைத்தது.

இன்னொரு வகை இருக்கிறது, மருத்துவர்களையே திடுக்கிட வைப்பது. இஜிஎஃப்ஆர் மாற்றமுள்ள நுரையீரல் கட்டி, மருந்தின் அழுத்தத்தில் தன் அடையாளத்தையே மாற்றிக்கொண்டு, சிறுசெல் புற்றுநோய் என்ற வேறு வகை நுரையீரல் புற்றுநோயாகத் திரும்பி வருவது. நுண்ணோக்கியில் பார்த்தால் வேறு நோய் மாதிரியே இருக்கும். டிஎன்ஏவைப் படித்தால் பழைய இஜிஎஃப்ஆர் மாற்றம் அப்படியே இருக்கும், ஆனால் செல்லுக்கு இனி அது தேவைப்படுவதில்லை. 2011-ல் 37 நோயாளிகளுக்கு மறுபயாப்சி செய்த ஆய்வில் ஐந்து பேரிடம் இது தெரிந்தது. இவர்களுக்கு இன்னொரு இஜிஎஃப்ஆர் மாத்திரை கொடுத்துப் பெரிய பயன் இல்லை, சிறுசெல் நோய்க்குக் கொடுக்கும் கீமோதான் வேண்டும்.

இத்தனை வழிகள் இருக்கும்போது ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்து, தோற்றதும் அடுத்ததுக்குப் போவது சரியா என்ற கேள்வி வரும். காசநோயில் இந்தப் பாடம் எப்போதோ படித்ததுதான். 1940-களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்தபோது கிருமிகள் தப்பித்தன, கூடவே இன்னொரு மருந்து சேர்த்ததும் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. கணக்கு எளிது: இரண்டு மருந்துக்கும் ஒரே நேரத்தில் தப்பும் செல் அரிதிலும் அரிது. புற்றுநோயிலும் அது ஓரளவு பலிக்கிறது. பிராஃப், மெக் இரண்டையும் சேர்த்து அடைத்த மெலனோமா நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். ஓசிமெர்ட்டினிப்போடு கீமோவும் சேர்த்த ஆய்வில் நோய் கட்டுக்குள் இருந்த காலம் 16.7 மாதத்திலிருந்து 25.5 மாதமாகக் கூடியது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் 27 சதவீதத்திலிருந்து 64 சதவீதமாக ஏறின. கிருமி வேறு, நாம் வேறு. புற்றுநோய் செல்லோ நம் செல்லேதான். அது நம்பியிருக்கும் புரதங்கள் நம் தோலிலும் குடலிலும் இதயத்திலும் வேலை செய்கின்றன. மருந்துகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதற்கு உடம்பு ஓர் அளவுக்கு மேல் இடம் கொடுக்காது.

மருந்தை விட்டுவிட்டுக் கொடுத்தால் என்ன என்றும் முயன்றார்கள். யோசனை அழகானது. எதிர்ப்புச் செல்கள் மருந்து இருக்கும் சூழலுக்குத் தங்களைப் பொருத்திக்கொண்டவை, மருந்தை நிறுத்தினால் அவை தடுமாறும். எலிகளில் 2013-ல் இது அருமையாகப் பலித்தது. ஆனால் மெலனோமா நோயாளிகளிடம் சோதித்தபோது, நோய் கட்டுக்குள் இருந்த காலம் விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கு 5.5 மாதம், தொடர்ந்து எடுத்தவர்களுக்கு 9 மாதம் என்று 2020-ல் முடிவு வந்தது. எலியில் பலித்ததைக் கேள்விப்பட்டு, தாமாகவே மாத்திரைக்கு இடைவெளி விட நினைப்பவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும்.

மாத்திரையைத் தவறவிட்டதால்தான் இப்படி ஆயிற்றோ என்று நோயாளிகள் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். நோய்க்கு நோய் இதற்கு விடை வேறு. சிஎம்எல்லில் ஒழுங்காகச் சாப்பிடுவது உண்மையிலேயே பெரிய வித்தியாசத்தைத் தரும். லண்டனில் 87 நோயாளிகளின் மருந்துப் புட்டி மூடியில் மின்னணுக் கருவி வைத்துக் கண்காணித்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆழமான குணம் கிடைத்தது, அதற்குக் குறைந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆனால் நுரையீரல் புற்றுநோயிலும் மெலனோமாவிலும் ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டவர்களுக்கும் நோய் திரும்புகிறது. அது யார் தப்பும் இல்லை.

மாத்திரை தவறுவதற்கு மறதி மட்டும் காரணம் இல்லை, காசும் காரணம். இமாட்டினிப் விஷயத்தில் இதற்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. நோவார்ட்டிஸ் நிறுவனம் அதன் ஒரு படிக வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நிறுவனத்துக்கு எதிராகவே முடிந்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொன்ன மருந்தின் ஜெனரிக் வடிவங்கள் சுமார் பத்தாயிரத்துக்குள் தொடர்ந்து கிடைத்தன. முதல் மருந்துக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. எதிர்ப்பு வந்த பிறகு தேவைப்படும் இரண்டாம், மூன்றாம் மருந்துகளில் பல புதியவை, காப்புரிமை உள்ளவை. எதிர்ப்பைப் பற்றி எவ்வளவு தெரிந்தாலும், அந்த விலை பல குடும்பங்களுக்குப் பெரிய தடை.

அப்புறம், நோய் திரும்பியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மறுபடி பரிசோதனை செய்யலாமா என்பது. கட்டியிலிருந்து உதிரும் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் தேடும் சோதனைக்கு அமெரிக்காவில் 2016-ல் முதல் அனுமதி கிடைத்தது, இந்தியாவிலும் இப்போது செய்கிறார்கள். ஊசி குத்த முடியாத இடத்தில் கட்டி இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மாற்றம் இல்லை என்று அர்த்தமாகாது. போதுமான டிஎன்ஏ ரத்தத்தில் கலக்காமலும் இருக்கலாம். சிறுசெல்லாக மாறியிருக்கிறதா என்பதை உறுதிசெய்யத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். அதனால் ரத்தச் சோதனையில் விடை கிடைக்காதபோது, செய்ய முடிகிற நிலை இருந்தால், திசு பயாப்சியைத் தவிர்க்கக் கூடாது. பழைய பயாப்சியின் பாரஃபின் பிளாக், அதாவது மெழுகில் பதித்து வைத்த திசு, மருத்துவமனை நோய்க்குறியியல் துறையில் இருக்கும். எழுதிக் கொடுத்துக் கேட்டால் வாங்கலாம். புதிய மாதிரியோடு அதையும் வைத்து ஒப்பிட்டால்தான், எது முதலிலிருந்தே இருந்தது, எது புதிதாக வந்தது என்று மருத்துவருக்குத் தெரியும்.